ஃபார்ம் போனால் முழங்கை என்ன பாவம் செய்தது?

இந்த மாதம் இவர் மூன்றாவது ஆள். முழங்கையில் ஒரு பட்டையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வலி எப்போது தொடங்கியது என்று கேட்டேன். "முந்தாநாள் ராத்திரி" என்றார். அன்று என்ன செய்தீர்கள்? "கோல்ஃப் பயிற்சி ரேஞ்சுக்குப் போய்ப் பந்து அடிச்சேன்." எத்தனை? தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு நானூறு இருக்கும் டாக்டர். ஃபார்மே சுத்தமா போயிடுச்சு. வேற என்ன பண்றது?"

நான் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோ. மனசைப் பார்க்கிற படிப்பு நான் படித்ததில்லை. ஆனால் கோல்ஃப் ஆடுகிறவர்கள் கொண்டுவரும் முழங்கை, இடுப்பு, மணிக்கட்டு வலிகளில் பாதியை, எப்படி வந்தது என்று விசாரித்துக்கொண்டே போனால், கடைசியில் ஒரு மோசமான ஸ்கோர் கார்டில் போய் நிற்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொதப்பல், அன்று இரவு தூக்கம் இல்லை, மறுநாள் ரேஞ்சில் வெறி, அதற்கும் மறுநாள் என் மேசை. எத்தனை தடவைதான் ஐஸ் வைத்து அனுப்புவது?

சரி, அப்படி என்ன ஃபார்ம் போய்விட்டது என்று கேட்டேன். அவருடைய ஹேண்டிகேப், அதாவது பாருக்கு மேல் அவருக்குக் கிடைக்கும் அடிச் சலுகை, 18. கோர்ஸின் பார், அதாவது 18 ஹோலையும் (குழியையும்) முடிக்கத் தேர்ந்த ஆட்டக்காரருக்கு ஆகும் அடிகள், 72. ஆகவே 90 அடிக்க வேண்டியவர். கோல்ஃபில் எண் குறையக் குறைய நல்லது. கடைசி ஆறு ரவுண்டில் ஒரு முறைகூட 90 வரவில்லை. 93, 96, 92, 97, 94, 95. "கேவலமா இல்லையா டாக்டர்?"

இல்லை. இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போகிறது. வருகிறவர்கள் அத்தனை பேரும் ஹேண்டிகேப் என்பது தங்களுடைய சராசரி ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அது சராசரி கிடையாது. 2020-இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில், உங்கள் கடைசி 20 ரவுண்டை எடுத்து, கோர்ஸின் கடினத்துக்கு ஏற்பச் சரிசெய்து, அதில் மிகச் சிறந்த 8-ஐ மட்டும் வைத்துச் சராசரி போடுகிறார்கள். மீதி 12 ரவுண்டும் அந்த எண்ணுக்குள் வருவதே இல்லை. வருஷம் பூராவும் எழுதிய பரீட்சைகளில் நல்ல மார்க் வந்தவற்றை மட்டும் கூட்டிப் போட்டால் என்ன வருமோ, அதுதான் உங்கள் ஹேண்டிகேப்.

அவர் போனை வாங்கி, அந்த ஆறுக்கு முந்தைய 20 ஸ்கோரையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் காட்டினேன். எல்லாம் ஒரே கோர்ஸில், சாதாரணக் கடினத்தில் ஆடியவை என்பதால் கணக்கு சுலபம். சிறந்த எட்டு: 88, 89, 90, 90, 90, 91, 91, 91. சராசரி சரியாக 90. மீதிப் பன்னிரண்டு 92-இல் தொடங்கி 101 வரை போகிறது. இருபதுக்கும் சேர்த்துச் சராசரி போட்டால் 93 சொச்சம். 90 அல்லது அதற்குக் கீழே வந்தது ஐந்து முறை. அதாவது, எல்லாம் நன்றாக இருந்த காலத்திலேயே இந்த மனிதர் நாலில் மூன்று ரவுண்டு 'ஃபார்ம் இல்லாமல்'தான் ஆடியிருக்கிறார்! நாலில் மூன்று முறை வராத ஒன்று, தொடர்ந்து ஆறு முறை வராமல் போக எவ்வளவு வாய்ப்பு? ஏறக்குறைய ஆறில் ஒன்று. பகடையை உருட்டினால் நீங்கள் கேட்ட எண் விழுவதற்கு எவ்வளவு வாய்ப்போ அவ்வளவு. அதற்குப் போய் நானூறு பந்தா?

இன்னொன்றும் இருக்கிறது. ஹேண்டிகேப் கணக்கில் ஒரு ஹோலுக்கு உச்சவரம்பு உண்டு. 18 ஹேண்டிகேப்காரர் ஒரு பார் 4 ஹோலில் 11 அடித்தாலும் கணக்குக்கு 7 என்றுதான் எழுதப்படும். பங்கர் என்கிற மணல் குழியில் நீங்கள் பட்ட பாட்டையெல்லாம் அந்த எண் பெருந்தன்மையோடு மறந்துவிடுகிறது. நீங்கள்தான் மறக்க மாட்டேன் என்கிறீர்கள்.

இதைவிட விஷமமான விஷயம், ஒரு நல்ல மாதம். ஏதோ ஒரு மாதம் எல்லாம் கூடி வந்து நாலைந்து அருமையான ஸ்கோர் விழுகிறது. ஹேண்டிகேப் இறங்குகிறது. அந்த நாலைந்தும் அடுத்த இருபது ரவுண்டு வரை கணக்கில் உட்கார்ந்துகொண்டு உங்கள் ஹேண்டிகேப்பை ஏறவிடாது. நீங்களோ பழையபடி உங்கள் வழக்கமான ஆட்டத்துக்குத் திரும்பியிருப்பீர்கள். அதற்கு நீங்கள் வைக்கிற பேர் 'ஃபார்ம் போச்சு'.

அவர் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ நான் ஆடுறதே இவ்வளவுதானா?" என்று கேட்டார். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. என்னிடம் பதில் இல்லை. நானும் 22 ஹேண்டிகேப்தான்.

டிவியையும் கொஞ்சம் குறை சொல்ல வேண்டும். அதில் தோற்கிறவர்களைக் காட்டுவதில்லை. அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரின் ஆட்டக்காரர்கள்கூட, 8 அடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் புட்டில் ஏறத்தாழப் பாதியைத்தான் போடுகிறார்கள். குழியைச் சுற்றியுள்ள குறும்புல் தரையான கிரீன்கள் 18-இல், உரிய ஸ்ட்ரோக்குக்குள் (அடிகளுக்குள்) அவர்கள் போய்ச் சேர்வது சராசரியாக 12 சுமார்தான். உண்மையிலேயே ஃபார்ம் போவது எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால் இயன் பேக்கர்-ஃபின்ச்சைப் பாருங்கள். 1991-இல் பிரிட்டிஷ் ஓபன் சாம்பியன். 1997 ஓபனில் முதல் நாள் 92 அடித்துவிட்டுப் போட்டியிலிருந்தே விலகினார். உங்கள் 95-ஐ அந்த வரிசையில் சேர்க்காதீர்கள்.

இனி என் மேசைக்கு வருவோம். 90 அடிக்கிறவர் ஒரு ரவுண்டில் எத்தனை முறை முழு ஸ்விங் போடுகிறார்? புட் 36 என்று வையுங்கள், கிரீனுக்குப் பக்கத்திலிருந்து தட்டிப் போடும் சிப், பங்கர் எல்லாம் ஒரு பத்துப் பதினைந்து. மிச்சம் நாற்பது. அதுவும் நாலு மணி நேரத்தில், நடுவில் நடந்து, நின்று, தண்ணீர் குடித்து. நானூறு பந்து என்றால் பத்து ரவுண்டின் ஸ்விங். அதை இரண்டு மணி நேரத்தில், கோபத்தில் பிடியை நெரித்துக்கொண்டு, ரேஞ்சின் செயற்கைப் புல் பாயின் மேல் அடிக்கிறீர்கள். டெண்டன் எப்படிப் பழுதாகிறது என்று நான் விளக்கப்போவதில்லை, உங்களுக்கே புரியும்.

பாயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. புல்லில் பந்துக்குப் பின்னால் மண்ணை அடித்தால் பந்து பாதி தூரத்தில் விழுந்து உங்கள் தப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். பாயில் கிளப் (மட்டை) வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தூக்கிவிடும். தப்பு தெரியாது, அதிர்ச்சி முழுவதும் கைக்குத்தான். ரேஞ்சில் பிரமாதமாக அடித்தேன், கோர்ஸில் வரவில்லை என்கிறவர்களுக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதி, ஒரே கிளப்பால் ஒரே இலக்கை நோக்கி ஐம்பது முறை அடிப்பது. பத்தாவது பந்திலிருந்து கை தானாகப் போகும், கற்றுக்கொண்டதுபோல இருக்கும். கோர்ஸில் ஒரே ஷாட்டை அடுத்தடுத்து இரண்டு முறை யார் அடிக்கிறார்கள்?

(வெளிப்பக்க முழங்கை வலியோடு வருகிற கோல்ஃப் ஆட்டக்காரரிடம் "உங்களுக்கு டென்னிஸ் எல்போ" என்று சொல்லிப் பாருங்கள். ஏதோ அவமானப்படுத்திவிட்டதுபோலப் பார்ப்பார். அமெச்சூர்களுக்கு அதுவும் நிறைய வருகிறது, ஐயா.)

சொல்கிறேன், கேளுங்கள். மோசமான ரவுண்டு முடிந்த அன்றும் மறுநாளும் கிளப்பைத் தொடாதீர்கள். அதற்கப்புறம் போனால் ஐம்பது, அறுபது பந்து போதும். ஒவ்வொரு பந்துக்கும் கிளப்பை மாற்றுங்கள், இலக்கை மாற்றுங்கள். மீதி நேரத்தைச் சிப்புக்கும் புட்டுக்கும் கொடுங்கள். அங்கேதான் ஸ்ட்ரோக் மிச்சமாகும், உடம்புக்கும் சேதம் இல்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு போனில் மூன்று பேர் சொல்லும் மூன்று விதமான ஸ்விங்கைப் பார்த்துவிட்டுக் காலையில் மூன்றையும் சேர்த்து முயற்சி செய்யாதீர்கள். டிரைவர் என்கிற நீண்ட மட்டையைப் புதிதாக வாங்கினால் சரியாகும் என்று நினைக்கிறவர்களுக்கு, கூடம் கோணல் என்ற பழமொழியை நினைவுபடுத்துவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கோர்ஸில் கோபம் வரும், வரட்டும். வரக் கூடாது என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. டைகர் உட்ஸ் சிறு வயதில் கற்றதாகச் சொல்லப்படுகிற ஒரு வழக்கம் உண்டு: பத்து எட்டு நடக்கும் வரை எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படலாம், பதினோராவது எட்டில் அது பின்னால் நின்றுவிட வேண்டும். நான் என்னிடம் வருகிறவர்களுக்கு இதோடு ஒன்று சேர்த்துச் சொல்வேன்: அந்தப் பத்து எட்டுக்குள் கிளப்பைப் பைக்குள் போட்டுவிடுங்கள். கையில் இருந்தால் வீசத் தோன்றும். கிளப்பைத் தரையில் குத்துவது, மரத்தில் அடிப்பது, முழங்காலில் வைத்து உடைப்பது எல்லாம் பார்த்திருக்கிறேன், அதனால் தையல் போட்டுக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். உடைந்த தண்டு குத்தி உயிரே போன சம்பவமும் உண்டு. விதியும் உங்களுக்கு உதவாது: கோபத்தில் உடைத்த கிளப்புக்குப் பதிலாக அந்த ரவுண்டில் வேறு எடுக்க முடியாது.

அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1921-இல், 19 வயதில், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓபனின் மூன்றாவது ரவுண்டில் பதினோராவது ஹோல் பங்கரில் மாட்டிக்கொண்டு, வெறுத்துப்போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு ஆட்டத்தைக் கைவிட்டார். அதே கோர்ஸில் 1927-இல் ஓபன் பட்டம் வென்றார். 1930-இல் அன்றைய நான்கு பெரிய போட்டிகளையும் ஒரே ஆண்டில் ஜெயித்தார். கடைசி வரை அமெச்சூர்தான். நடுவில் அவர் ஸ்விங்கைவிடத் தன் கோபத்தைத்தான் அதிகம் திருத்தினார்.

கூட ஆடுகிறவர்களுக்கு ஒரு கெஞ்சல். கேட்காமல் யோசனை சொல்லாதீர்கள். ஏற்கெனவே நொந்துபோனவரிடம் "தலையைத் தூக்கிட்டீங்க" என்று பதினெட்டு ஹோலிலும் சொன்னால் அவர் தலையோடு சேர்த்து எல்லாவற்றையும் இறுக்கிக்கொள்வார். அப்புறம் கழுத்துக்கு வைத்தியம் பார்க்க என்னிடம் வருவார்.

சரி, உண்மையிலேயே ஆட்டம் இறங்கியிருந்தால்? இருபது ரவுண்டின் முழுச் சராசரியே நாலைந்து மாதமாக ஏறிக்கொண்டு போனால் முதலில் உடம்பைப் பாருங்கள். புதிதாகப் புரோகிரசிவ் கண்ணாடி போட்டிருக்கிறீர்களா? கீழே குனிந்து பார்க்கும்போது கண், படிக்கிற பாகத்தின் வழியாகப் பார்க்கும், பந்து மங்கலாகத் தெரியும். ஸ்விங்கை மாற்றி மாற்றிக் களைத்துப்போன ஒருவருக்கு, ஆட்டத்துக்கென்று தனியாக ஒற்றைப் பார்வைக் கண்ணாடி போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இடுப்பு முன்புபோலத் திரும்புகிறதா? தூக்கம் சரியாக இருக்கிறதா? கிளப்பின் பிடி தேய்ந்து வழுக்குகிறதா? வழுக்கினால் கை தானாக இறுகும். குறும்புட்டில் மட்டும் கை வெட்டி இழுக்கிறது என்றால் அதற்கு யிப்ஸ் என்று பேர், கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜெர்மன் ஆட்டக்காரர் பெர்ன்ஹார்ட் லாங்கருக்குப் பலமுறை வந்தது. பிடியையும் புட்டரையும் மாற்றி மாற்றி மீண்டு வந்து மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியை இரண்டு முறை ஜெயித்தார்.

சில வலிகளுக்கு என்னிடம்கூட வர வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள். மண்ணிலோ வேரிலோ ஓங்கி அடித்த பிறகு சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கையின் அடியில் வலி என்றால் அங்கே ஒரு சின்ன எலும்பு முறிந்திருக்கலாம், சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடும். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலும் அப்படித்தான். ஆடும்போது நெஞ்சை அடைத்துக்கொண்டு இடது கை வலித்தால், தயவுசெய்து, அதை ஸ்விங் கோளாறு என்று நினைத்து இன்னும் இரண்டு ஹோல் ஆடிப் பார்க்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸ்.

நானூறு பந்துக்காரரை மூன்று வாரம் முழு ஸ்விங் போடக் கூடாது, புட்டர் மட்டும் தொடலாம் என்று சொல்லி அனுப்பினேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தவர், கதவருகே நின்று திரும்பிக் கேட்டார்:

"புட் ஒரு நாளைக்கு எத்தனை போடலாம் டாக்டர்?"