பிரஷர் மாத்திரைக்குப் பதில் ராகம் கிடையாது

நான் இசை சிகிச்சை தருபவள். போன வாரம் என்னிடம் ஒரு குடும்பம் வந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. பிரஷர் மாத்திரையை ஏன் நிறுத்தினார் என்று கேட்டேன். "ஆனந்தபைரவி கேட்டா பிரஷர் இறங்கும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு மேடம், தினமும் காலையில கேட்டார்" என்றார் மகன். ராகத்தின் பெயர்தான் மாறுகிறது, இதே கதையை எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன்.

சுகருக்கு ஒன்று, மூட்டுவலிக்கு ஒன்று, தைராய்டுக்கு ஒன்று என்று சுற்றுகிற அந்த ராகப் பட்டியலை எந்த ஆராய்ச்சியும் நிரூபித்ததில்லை. மெதுவான பாட்டு கேட்டால் பதற்றம் குறையும், மூச்சு சீராகும். அது உண்மை. ஆனால் அந்த நேரத்து நிம்மதி வேறு, வருடக்கணக்கில் ரத்தக்குழாயைக் காக்கும் சிகிச்சை வேறு. ஒரே ராகத்தில் கொண்டாட்டப் பாட்டும் உண்டு, அழவைக்கும் பாட்டும் உண்டு. வேகமும் வரியும் கேட்பவரின் ஞாபகமும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. நீலாம்பரி தூக்கத்துக்கு நல்லது என்கிறார்கள். தாலாட்டு ராகம்தான், சரி. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு அதைப் போட்டுவிட்டு, அவள் ஏன் தூங்கவில்லை என்று என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வது?

அப்படியானால் நாங்கள் என்னதான் செய்கிறோம்? மூளையின் இடப்பக்கம் அடிபட்டுப் பேச்சை இழந்தவர்களில் பலரால், ஒரு வார்த்தை பேச முடியாவிட்டாலும், பழகிய பாட்டின் வரியைப் பாட முடிகிறது. இதை வைத்து 1973இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு பயிற்சி முறையை வெளியிட்டார்கள். "தண்ணி வேணும்" என்பதை ஏற்ற இறக்கத்தோடு இழுத்துச் சொல்லவைப்போம், கூடவே இடது கையால் தட்டவைப்போம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இழுவையைக் குறைத்துப் பேச்சாக மாற்றுவோம். எல்லாருக்கும் பலிக்காது, பேச்சுப் பயிற்சியாளரும் கூட இருக்க வேண்டும். பார்க்கின்சன் நோயாளிக்கு முதலில் அவர் நடக்கும் வேகத்தை அளந்து, அதே வேகத்தில் தாளம் வைத்து, அதற்குக் கால் எடுத்துவைக்கப் பழக்குவோம். மனச்சோர்வில், வழக்கமான சிகிச்சையோடு இசை சிகிச்சையும் சேர்ந்தால் கூடுதல் பலன் இருப்பதாக பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பு சொன்னது. சேர்ந்தால் என்பதைக் கவனியுங்கள்.

டாக்டர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை திடீரென்று தளர்ந்தாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக, இந்தப் பக்கவாத அறிகுறிகள் தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மறதி நோயுள்ள பெரியவர் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு நாள் முழுக்க விடாதீர்கள். அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் இருக்கலாம். முகத்தைப் பாருங்கள், சுளித்தால் நிறுத்துங்கள். சத்தம் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பெரியவர்களுக்கு எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. வலிப்பு உள்ளவர்களில் அபூர்வமாகச் சிலருக்கு இசையே வலிப்பைத் தூண்டும், வலிப்பு இருந்தால் எங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இசையாலேயே புற்றுநோயைக் குணமாக்குவேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கர்நாடக சங்கீதம்தான் மருந்து என்று நினைத்து, வாழ்நாள் முழுக்கக் கூத்தும் சினிமாப் பாட்டும் கேட்டவருக்கு வீணைக் கச்சேரியைப் போட்டு வைக்காதீர்கள். 15 வயதிலிருந்து 25 வயது வரை அவர் எதை விரும்பிக் கேட்டார், எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போனார், எந்தப் பாட்டைக் கேட்டால் எழுந்து போய்விடுவார் என்று அவர் மனைவியிடமோ தங்கையிடமோ கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டையும் எடுத்து வாருங்கள்.