கருவிழி ஓரத்து நாற்றங்கால்

வெற்றிலைக்கு வாங்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். விளையாட்டாக அழுத்துவார்கள், படக்கென்று வெடித்து நேரே கண்ணில் பீய்ச்சும். அமிலம் பட்டாலாவது மேலேயுள்ள புரதம் உறைந்து ஓரளவு தடுப்பாகிவிடும். சுண்ணாம்பு காரம், வழியிலுள்ள கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். பட்டவுடன் அரை மணி நேரமாவது தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஆட்டோ பிடிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

புண் ஆறிய பிறகும் சிலருக்குப் பார்வை திரும்புவதில்லை. கெட்டது கண்ணின் நடுப்பகுதி மட்டும் என்றால் பிரச்சினை இவ்வளவு பெரிதாகாது. ஓரமும் கெட்டுவிடுகிறது.

கருவிழிக்கு மேல் கடிகாரக் கண்ணாடி மாதிரி மூடியிருப்பது கார்னியா. இமைக்க இமைக்க அதன் மேல்தோல் தேய்ந்து உதிரும். ஒன்றிரண்டு வாரத்தில் முழுதும் புதிதாகிவிடும். புதுச் செல்கள் வருவது கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பிலிருந்து. லிம்பஸ் என்று அதற்குப் பெயர். கண்ணாடியில் உற்றுப் பாருங்கள், நம் ஊர்க்காரர்கள் பலருக்கு அங்கே மெல்லிய பழுப்புக் கரை தெரியும். புதுச் செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்களான ஸ்டெம் செல்கள் குடியிருப்பது அந்தக் கரையில். ஒரு ஸ்டெம் செல் பிரிந்தால், ஒரு பங்கு விதைநெல்லாக அங்கேயே தங்கும். இன்னொரு பங்கு கார்னியா செல்லாக மாறி நடுவை நோக்கி நகரும்.

லிம்பஸ் நாற்றங்கால் மட்டுமல்ல, வேலியும்கூட. அது வெந்துபோனால் வெள்ளை விழியின் தோல் இரத்தக் குழாய்களோடு கார்னியாமேல் ஏறிப் படர்ந்துவிடும். கண்தானத்தில் கிடைத்த நல்ல கார்னியாவைத் தைத்தாலும் நிலைக்காது. வயல் வந்தது, நாற்று வரவில்லையே!

1997-இல் இத்தாலியில் ஆய்வாளர்கள் கிராசியெல்லா பெல்லெக்ரினியும் மிக்கேலே தெ லூக்காவும் நோயாளியின் நல்ல கண்ணிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் லிம்பஸை எடுத்து, ஆய்வகத்தில் மெல்லிய தாளாக வளர்த்து, கெட்ட கண்ணில் பொருத்தினார்கள். 2015-இல் ஐரோப்பா அதை மருந்தாகவே அனுமதித்தது. ஆனால் அந்த மாதிரி ஆய்வகத்துக்குச் செலவு எக்கச்சக்கம்.

2012-இல் ஹைதராபாத்தில் கண் மருத்துவர் வீரேந்தர் சங்வானும் சகாக்களும் ஆய்வகத்தையே தூக்கிப்போட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது. படர்ந்த தோலைச் சுரண்டிவிட்டு, பிரசவத்தில் நஞ்சுக்கொடியோடு வெளியேறும் பனிக்குடச் சவ்வைக் கண்மேல் விரித்து ஒட்டினார்கள். நல்ல கண்ணின் 2 மில்லிமீட்டர் லிம்பஸை எட்டுப் பத்துத் துணுக்குகளாக நறுக்கி அதன்மேல் பசையால் பதித்தார்கள். கரும்புக் கரணை நடுகிற கதைதான். துணுக்குகளிலிருந்து செல்கள் படர்ந்து சில வாரங்களில் பரப்பை மூடிவிடும். சொந்தச் செல் என்பதால் உடல் ஒதுக்காது. ஆய்வகத்தின் வேலையைக் கண்ணே செய்கிறது. சென்னையில் பிரசவ மருத்துவமனையும், 1819 முதல் இருக்கும் அரசு கண் மருத்துவமனையும் ஒரே எழும்பூரில்தான். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இந்தச் சவ்வின் ஞாபகம் வரும்.

சரி, அப்படியானால் மூட்டு, முதுகுத்தண்டு, ஆட்டிசம் என எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரம் வருகிறதே? 2017-இல் வந்த இந்திய வழிகாட்டு நெறிமுறைப்படி, இரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் அப்போது ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருந்தன. கண்ணில் செல்லுக்கு என்ன வேலை, எங்கே உட்கார வேண்டும் என்பது தெரியும். அறுந்த முதுகுத்தண்டில் செல் உயிரோடிருந்தால் போதாது. சரியான நரம்போடு சரியான இணைப்பு வேண்டும். ஊசியில் ஏற்றிவிட்டால் அது தானாக வழி கேட்டுப் போய்விடாது.

கண்ணிலும் எல்லாருக்கும் நடவு பிடிப்பதில்லை. கண்ணீர் வற்றிய கண் வறண்ட வயல். அதனால்தான் நடவுக்கு முன்பே கீழிமையில் ஒரு தாள் கீற்றைச் செருகி, ஐந்து நிமிடத்தில் ஈரம் எத்தனை மில்லிமீட்டர் ஊறுகிறது என்று பார்க்கிறார்கள்.