வீட்டு நாயை விட்டுவிட்டு வெளிநாட்டுத் தொண்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு

“டாக்டர், மூணு மாசம் கம்போடியா போறேன், ஏழைப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க. ப்ரூனோவ எங்க விடலாம்?”

வேலைக்கு நடுவே நீண்ட விடுப்பு எடுத்த ஐடிக்காரர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள், கல்லூரி முடித்த கையோடு புறப்படும் இளைஞர்கள் என்று பலரும் இந்தக் கேள்வியோடு என் கிளினிக்குக்கு வருகிறார்கள். வீட்டு நாயைப் பற்றி அடுக்கடுக்காகக் கேட்பார்கள். போகிற ஊர் நாய்களைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எனக்குக் கவலை அந்த இரண்டாவதில்தான். இருந்தாலும் ப்ரூனோவை முதலில் முடித்துவிடுகிறேன்.

காசு வாங்கிக்கொண்டு நாய்களைப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்கில் மாதக்கணக்கில் விடுவதைவிட, நாய்க்கு ஏற்கெனவே பழகிய வீட்டில் விடுவது நல்லது. புறப்படும் முன் ஒரு சனி, ஞாயிறு அங்கே விட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் சரியாகச் சாப்பிடாது, வாசலைப் பார்த்துப் படுத்திருக்கும். தண்ணீர் குடிக்கிறது, வெளியே கூப்பிட்டால் வருகிறது என்றால் பொறுத்திருக்கலாம். தண்ணீரையும் ஒதுக்கினால் அதை ஏக்கம் என்று விட்டுவிடக் கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும். வலிப்பு மாத்திரை சாப்பிடும் நாயாக இருந்தால் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வரும். நம் ஊரில் உண்ணி வருடம் முழுக்க உண்டு. அதற்கான மருந்தை எந்தத் தேதியில் கொடுக்க வேண்டும் என்று காலண்டரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். காய்ச்சல், வலி என்றால் வீட்டிலிருக்கும், மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்கக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

கருத்தடை செய்யாத வயதான பெண் நாய் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பருவம் முடிந்து சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் கட்டலாம். அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கும், சோர்ந்துபோகும், சில நாய்களுக்குப் பின்பக்கம் கசிவு இருக்கும். பார்த்துக்கொள்ளும் அத்தைக்கு அது கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது என்றே தெரிந்திருக்காது. அவசரமாக ஆபரேஷன் செய்யச் சம்மதம் தர வேண்டியவர் வேறு நாட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் ‘இவர் முடிவெடுக்கலாம், இவ்வளவு வரை செலவு செய்யலாம்’ என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுங்கள்.

இனி கம்போடியா. அங்கே ரேபீஸால் ஆண்டுக்குச் சுமார் 800 பேர் இறப்பதாக 2007ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து ஒரு மதிப்பீடு வந்தது. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் என்கிறார்கள். மனிதர்களுக்கு வரும் ரேபீஸில் 99 சதவீதம் நாய் வழியாகத்தான். வெறிநாய் என்று சந்தேகப்படும் நாயிடம் கடிபடுபவர்களில் 40 சதவீதம் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். அவர்கள் உயரத்துக்கு நாயின் வாய் முகத்துக்கு நேராக இருக்கிறது. முகத்திலும் தலையிலும் கடிபட்டால் கிருமி மூளையை எட்ட அதிக நாள் ஆகாது. அடிவிழும் என்று பயந்து கீறலை வீட்டில் சொல்லாத பிள்ளைகளும் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் என்ன வேறா?

நாய் வளர்ப்பவர் தெருவில் ஒரு குட்டியைப் பார்த்தால் கை தானாக நீளும். பள்ளிக்கூட வாசலில் வாலாட்டும் குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவார், மிச்சச் சோறு போடுவார், அது அங்கேயே தங்கிவிடும். அவர் புறப்படும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொண்டவராக இருக்கலாம். சுற்றி நின்று பார்க்கிற பிள்ளைகளில் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். டீச்சர் தொட்ட நாயைத் தொடலாம் என்பதுதான் அன்று அவர்கள் படித்த பாடம். குட்டிக்கு ரேபீஸ் வராது என்ற நம்பிக்கை இங்கே என் கிளினிக்கிலும் நான் அடிக்கடி கேட்பது. அது தவறு. மூன்று மாதம் ஆகாத குட்டிக்கும் வரும்.

கடிபட்டவருக்கு நோய் வெளிப்படப் பொதுவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை. அதற்குள் தொண்டு செய்ய வந்தவர் ஊர் திரும்பி ப்ரூனோவோடு கடற்கரையில் நடந்துகொண்டிருப்பார். அங்கே என்ன நடந்தது என்பது அவர் காதுக்கு எட்டாமலே போகலாம்.

அங்கே மருத்துவமே இல்லை என்று நினைக்க வேண்டாம். தலைநகர் புனோம் பென்னில், நாய்க்கடிக்கு ஊசி போடும் பாஸ்டர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. நம் குன்னூரில் 1907இல் தொடங்கியதைப் போன்ற நிறுவனம். தோலுக்குள் போடும் ஊசியை ஒரே வாரத்தில் மூன்று முறையில் முடித்துவிடலாம் என்று காட்டியவர்கள் அவர்கள்தான். 2018இல் உலக சுகாதார நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் கிராமத்திலிருந்து அங்கே போய்வரும் பஸ் செலவும், அப்பா அம்மா இழக்கும் கூலியும் யார் கணக்கு? அதனால் முதலில் நாட்டு வைத்தியரிடம் போகிறவர்கள் உண்டு, இங்கே சுண்ணாம்பு தடவுகிறவர்களைப் போல.

ஆகவே உங்கள் பையில் சோப்பு இருக்கட்டும். கடியோ கீறலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். நீங்கள் சொல்லிக்கொடுக்கப்போகும் ஆங்கிலத்தைவிட இது அந்தப் பிள்ளைகளுக்கு அதிகம் பயன்படும் என்பது என் கருத்து. ஆங்கில ஆசிரியர்கள் கோபிக்க வேண்டாம். தெரியாத நாய் நெருங்கினால் ஓடாமல், கையை உடம்போடு ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். தின்னும்போதும் குட்டிகளோடு இருக்கும்போதும் நாயை நெருங்கக் கூடாது. இதையெல்லாம் ஒரு விளையாட்டாகவே நடத்தலாம். நீங்களும் தெருநாயைத் தொடாமல் இருந்தால்தான் அது எடுபடும். உங்களுக்கான ஊசி, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் முதல் நாளும், அதிலிருந்து ஏழு நாள் கழித்தும். இங்குள்ள டாக்டர்கள் மூன்றாவதும் போடச் சொல்லலாம் என்பதால் ஒரு மாதம் முன்பே போய்விடுங்கள். அதைப் போட்டிருந்தாலும் கடிபட்டால் மேலும் இரண்டு ஊசி வேண்டும்.

என் தொழிலுக்கு வெளியே ஒன்று. தொண்டு என்றதும் அநாதை இல்லத்தைத் தேடுகிறீர்கள் என்றால் யோசியுங்கள். கம்போடிய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளின் பணத்தை நம்பி இல்லங்கள் பெருகியதால், ‘குழந்தைகள் காட்சிப்பொருள் அல்ல’ என்று ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற தொண்டு அமைப்பு 2011இல் ஒரு பிரசாரமே நடத்தியது. ப்ரூனோ ஏங்கிப்போகுமே என்று என்னிடம் கண்கலங்குகிறவர், ஒரு மாதம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு விட்டுவரப்போகும் பிள்ளையைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்கலாம். பெற்றோரோடு இருக்கும் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில், உள்ளூர் ஆசிரியருக்குத் துணையாக இருப்பது மேல். உங்கள் பின்புலத்தை விசாரிக்காமலே பிள்ளைகளோடு விடும் அமைப்பு என்றால் அதுவே எச்சரிக்கை.

அங்கிருந்து வாட்ஸப்பில் போட்டோ வரும்: “டாக்டர், இந்தக் குட்டிய ஊருக்குக் கொண்டுவரலாமா?” இந்திய விலங்குத் தனிமைப்படுத்தல் துறையின் முன்அனுமதி இல்லாமல் நாயை விமானத்தில் கொண்டுவந்து இறக்க முடியாது. கிடைக்கும் என்று நம்பி அங்கே குட்டியை வளர்க்கவும் தொடங்காதீர்கள். டிக்கெட்டுக்கு ஆகும் பணத்தில் அந்த ஊர்க் கால்நடை மருத்துவரை வரவழைத்து, பள்ளியைச் சுற்றித் திரியும் நாய்கள் எல்லாவற்றுக்கும் ரேபீஸ் ஊசி போடச் சொல்லுங்கள். ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்குப் போட்டால் நோய் பரவுவது அடங்கும். அடுத்த வருடமும் போட வேண்டும், அதற்கான பணத்தையும் இங்கிருந்தே அனுப்பலாம்.