கண்ணில் பூ விழுந்தால் லேசர் போதுமா?

"லேசர் வைத்து இந்தப் பூவை எடுத்துவிடுங்கள், டாக்டர்." கோபியிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் கருவிழியில் வெள்ளைத் தழும்போடு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எடுக்க முடியுமா என்பது தழும்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே தடிமன். ஸ்லிட் லேம்ப் கருவியில் ஒளியைக் கீற்றாகப் பாய்ச்சினால் அதன் குறுக்குவெட்டே தெரியும். வெண்மை மேலடுக்கோடு நின்றிருந்தால் பி.டி.கே. என்ற லேசர் சிகிச்சை செய்யலாம். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசர், ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறக்குறைய கால் மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) திசுவைத்தான் சீவும். கருவிழியில் பட்டையாகப் படியும் கால்சியம், பரம்பரையாக வரும் சில மேலடுக்குக் கோளாறுகள் ஆகியவற்றுக்கு இது நல்ல வழி. ஆனால் 100 மைக்ரானைத் தாண்டிச் சீவ நாங்கள் தயங்குவோம். கருவிழி மெலிந்து புடைத்துவிடக்கூடும். சிகிச்சைக்குப் பிறகு பிளஸ் பவர் கண்ணாடி தேவைப்படலாம். முன்பு கண்ணில் அக்கி வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், லேசருக்குப் பின் அது மீண்டும் கிளம்பலாம்.

என்னை வருத்துவது ஆழமான தழும்புகள்தான். அவற்றில் பல தோட்டத்தில் தொடங்கியவை. கரும்புச் சோகை உரிக்கும்போது ஓர் அம்மாவுக்குக் கண்ணில் கீறியது. முதலில் நந்தியாவட்டைச் சாறு விட்டார்கள். பிறகு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து, அது ஸ்டீராய்டு. சிவப்பை அடக்கும், கூடவே கிருமியை எதிர்க்கும் கண்ணின் சக்தியையும் அடக்கிவிடும். சிவப்பும் வலியும் குறைந்ததால் குணமாகிறது என்று நம்பினார். உள்ளே பூஞ்சை தடையின்றி வளர்ந்தது. எங்களிடம் வந்தபோது புண்ணின் ஓரம் இறகுபோலப் பிரிந்து, நடுவில் ஆழமாக இறங்கியிருந்தது. பூஞ்சையைக் கொல்லும் நடாமைசின் சொட்டு மருந்தை வாரக்கணக்கில் விட்டுப் புண்ணை ஆற்றினோம். பார்வையை மறைக்கும் தழும்பு தங்கிவிட்டது. அதை லேசர் தொட முடியாது. தானமாகக் கிடைக்கும் கருவிழியைப் பொருத்த வேண்டும்.

ஆகவே சோகை உரிக்கும்போதும், லேத் பட்டறையில் இரும்பைச் சாணை பிடிக்கும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மீறிக் கீறிவிட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றோ மறுநாளோ கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். அதற்குள் ஏதாவது சொட்டு மருந்து விட்டிருந்தால் அந்தப் புட்டியையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.