மணிக்கட்டை மடக்கினால் பிடி ஏன் தளர்கிறது?

ஒரு பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை முடிந்த அளவு உள்பக்கமாக மடக்குங்கள். இப்போது மறு கையால் பேனாவை இழுத்தால் சுலபமாக உருவிக்கொண்டு வந்துவிடும்.

விரல்களை மடக்கும் முக்கியத் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரல்களுக்கு வருகின்றன. மணிக்கட்டு மடங்கியதும் அந்தத் தசைகள் குட்டையாகிவிடுகின்றன. போதாக்குறைக்கு, புறங்கைப் பக்கத் தசைகள் இழுபட்டு விரல்களை விரிக்கப் பார்க்கின்றன. சரி, குட்டையான தசைக்கு ஏன் பலம் குறைகிறது?

தசையிழைக்குள் சார்கோமியர் எனும் நுண்ணிய அலகுகள் ரயில் பெட்டிகளைப் போல வரிசையாகக் கோத்திருக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் தடித்த மையோசின் இழைகள். இரு முனைகளிலிருந்தும் உள்ளே நீளும் மெல்லிய ஆக்டின் இழைகள். மையோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி நடுப்பக்கமாக இழுக்கின்றன. இழைகள் சுருங்குவதில்லை, ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகின்றன. 1954இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைச் சொல்லின: ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மறுபக்கம். (இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர்கள் இல்லை.)

இது உண்மையானால், விசை என்பது எத்தனை தலைகளுக்கு ஆக்டின் எட்டுகிறது என்ற கணக்குதான். 1966இல் கார்டன், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ஜூலியன் மூவரும் தவளையின் ஒற்றைத் தசையிழையை வெவ்வேறு நீளங்களில் நிறுத்தி, அது இழுக்கும் விசையை அளந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. தவளையில் மையோசின் இழையின் நீளம் சுமார் 1.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இரு பக்க ஆக்டினும் சேர்ந்து ஏறக்குறைய 2.05 மைக்ரான். கூட்டினால் 3.65. ஒரு சார்கோமியரை அந்த நீளத்துக்கு இழுத்தால் இரண்டும் ஒன்றையொன்று தொடவே தொடாது. விசை பூஜ்யமாக வேண்டும். அளவீட்டிலும் ஏறத்தாழ அங்கேதான் பூஜ்யம் வந்தது!

உச்ச விசை, சார்கோமியரின் நீளம் 2.0 முதல் 2.2 மைக்ரான் வரை இருந்தபோது மாறாமல் நின்றது. மையோசினின் நடுவில் தலைகளே இல்லாத ஒரு சின்ன வெற்றிடம் உண்டு. ஆக்டின் அதற்குள் நகரும்போது கூடுதலாகப் பிடிக்க எதுவும் கிடைப்பதில்லை, அதனால்தான் அந்தச் சமதளம். அதைவிடக் குட்டையானால் இரு பக்க ஆக்டின்களும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இடைஞ்சல் செய்கின்றன. அப்புறம் மையோசினே முனைச்சுவரில் போய் முட்டுகிறது. விசை சரிகிறது. மணிக்கட்டு மடங்கிய கையில் நடப்பது இந்த வகைச் சரிவுதான். மனிதரின் ஆக்டின் இழைகள் இன்னும் நீளம் என்பதால், நமக்கு உச்சம் 2.6 முதல் 2.8 மைக்ரான் வாக்கில் வருகிறது.

இதை வைத்து, நீளமான தசை எல்லாமே பலமானது என்று நினைத்துவிடக் கூடாது. வரிசையில் சார்கோமியர்கள் கூடினால் வேகமும் வீச்சும்தான் கூடும். விசை கூட, இழைகள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கப்பட்டுத் தசை பருமனாக வேண்டும்.

அதிகமாக இழுபட்ட தசை உடனே கிழிந்துபோகாததற்கு ஒரு காரணம் டைட்டின். மனித உடலின் புரதங்களிலேயே மிகப் பெரியதான இது, ஸ்பிரிங் போல சார்கோமியரைப் பின்னுக்கு இழுக்கிறது.

இதயம் இந்த விதியைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டிருக்கிறது. அதன் தசை உச்சத்துக்குக் கொஞ்சம் குட்டையான நீளத்திலேயே வேலை செய்கிறது. ரத்தம் கூடுதலாக வந்து அறையை விரித்தால் இழைகள் நீள்கின்றன, தசையைச் சுருங்கத் தூண்டும் கால்சியத்துக்கு இன்னும் சுறுசுறுப்பாகப் பதில் தருகின்றன. அடுத்த துடிப்பு பலமாகிறது. கூடுதலாக வந்த ரத்தத்தை வெளியே தள்ள மூளையிடமிருந்து தனி உத்தரவு எதுவும் தேவைப்படுவதில்லை.