வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே 5 செ.மீ. தண்ணீர்

சென்னைப் புறநகரில் தரைத்தள வீட்டின்மேல் இரண்டு மாடி எடுத்துக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாதாள சாக்கடை இணைப்புக்கு மனு கொடுத்தேன். மொட்டை மாடி மழைத்தண்ணீரை சேம்பரில் (வீட்டுக் கழிவுநீர் தெருக் குழாய்க்குப் போகுமுன் வந்து சேரும் தொட்டியில்) விடக்கூடாது, வென்ட் பைப்பை மாடிக்கு மேலே நீட்ட வேண்டும், தரைத்தளக் கழிவறைக்குத் தனியாகக் குழாய் போட வேண்டும், பழைய செப்டிக் டேங்கை மூட வேண்டும் என்று அடுக்குகிறார்கள். எல்லாமே தண்ணீர் போகிற குழாய்தானே சார்? நிஜமாகவே தேவையா, இல்லை செலவு வைக்கிற வேலையா?"

தேவைதான். அது 'தண்ணீர் போகிற குழாய்' மட்டுமல்ல என்பதுதான் காரணம். கழிவுநீர்க் குழாயில் பெரும்பாலான நேரம் பெரும்பாலான இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது காற்று. விதிமுறைகளில் பாதி அந்தக் காற்றுக்காக எழுதப்பட்டவை. அதற்கு வருவதற்கு முன் மழையை முடித்துவிடுவோம், அது சின்னக் கணக்கு.

நம் நாட்டுப் பொறியியல் கையேடுகள் நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்கின்றன. அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும். நான்கு பேர் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 432 லிட்டர், மணிக்குச் சராசரியாக 18 லிட்டர். இப்போது 1000 சதுர அடி மொட்டை மாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் 930 லிட்டர் இறங்கும். சராசரியைப் போல ஐம்பது மடங்குக்கு மேல்! காலை எட்டு மணி அவசரத்துக்காகச் சராசரியைப் போல மூன்று மடங்கு வரை தாங்கும்படி குழாய் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் மாடித் தண்ணீரைச் சேம்பரில் விட்டால், பதினொன்றாவது வீட்டுக் கழிவறையில் அது எதிர்த்து வரும். மாடித் தண்ணீருக்கு வேறு வழி ஏற்கெனவே இருக்கிறது. மழைநீர் சேகரிப்புத் தொட்டி 2003 முதலே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். அது நிரம்பி வழிந்தால் மாநகராட்சியின் மழைநீர் வடிகால். கழிவுநீர்க் குழாயோ 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. இரண்டும் வேறு வேறு வலைப்பின்னல்கள்.

எதிர்த்து வருவது எந்த வீட்டில் என்பதையும் எட்டாம் வகுப்பு இயற்பியல் சொல்லிவிடும். இணைந்த பாத்திரங்களில் நீர்மட்டம் சமமாக இருக்கும். தெருக் குழாய் அடைத்துக்கொண்டால் மேன்ஹோல் மூடி மட்டம் வரை தண்ணீர் ஏறும். அந்த மட்டத்துக்குக் கீழே எவருடைய கழிவறை இருக்கிறதோ, அங்கே முதலில் எட்டிப் பார்க்கும். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டே உயர்த்திய தெருக்களில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடெல்லாம் இன்று இரண்டு படி இறங்கிப் போக வேண்டியதாக இருக்கிறது. தரைமட்டத்தையும் மேன்ஹோல் மட்டத்தையும் வாரியத்தில் கேட்பது இதற்குத்தான்.

சரிவும் அப்படித்தான். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓரடி, 6 அங்குலத்துக்கு 60 அடிக்கு ஓரடி என்று ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. அங்குலத்தைப் பத்தால் பெருக்கினால் போதும். நீர் நொடிக்கு 60 செ.மீ. வேகத்திலாவது ஓடினால்தான் மண்ணும் மற்றதும் அடியில் படியாமல் கூடவே போகும்.

அப்புறம் காற்று.

கழிவறைப் பீங்கானின் பின்புறத்தில், வாஷ்பேசின் அடியில், குளியலறைத் தரையின் நானி டிராப்பில், எல்லா இடத்திலும் குழாய் ஒருமுறை கீழே இறங்கி வளைந்து மேலே ஏறி, பிறகுதான் வெளியே போகிறது. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். 1775இல் லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் இப்படி எஸ் வடிவத்தில் வளைந்த குழாயுடன் கழிவறைக்குக் காப்புரிமை வாங்கினார். அசையும் பாகம் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, தேய்வதற்கும் எதுவும் இல்லை. ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் நிற்கிறது. இரண்டரை நூற்றாண்டாக இதைவிட நல்ல கதவை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த நீர்க்கதவின் ஆழம் வழக்கமாக 50 மி.மீ. இது எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும்? சுமார் 490 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு. உங்கள் குளியலறைக்கும் ஊர்ச் சாக்கடை முழுவதற்கும் நடுவே நிற்கும் காவல் அவ்வளவுதான்.

இப்போது இரண்டாம் மாடியில் ஒருவர் ஃபிளஷ் இழுக்கிறார். ஆறேழு லிட்டர் தண்ணீர் செங்குத்துக் குழாயில் விழுகிறது. அது உருண்டையாக விழுவதில்லை. குழாயின் உட்சுவரைப் பிடித்துக்கொண்டு வளையம்போல இறங்குகிறது, நடுவே காற்றுத் தூண். உராய்வு காரணமாக சில மீட்டரிலேயே அதன் வேகம் ஓர் எல்லையை எட்டி நின்றுவிடும். பத்தாவது மாடியிலிருந்து விழுந்தாலும் அதற்கேற்ப வேகம் கூடிக்கொண்டே போகாது. ஆனால் இறங்கும் தண்ணீர் நடுவில் இருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டே போகிறது. போன காற்றுக்குப் பதில் காற்று மேலிருந்து வர வேண்டும். வராவிட்டால் குழாய்க்குள் அழுத்தம் குறையும்.

குறைந்தால் பக்கத்து நீர்க்கதவுக்கு என்ன ஆகும் என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். குழாய்ப் பக்கம் 40 மி.மீ. நீருக்குச் சமமான இழுப்பு என்று வைத்துக்கொள்வோம். வளைவின் குழாய்ப் பக்கத்து நீர் ஏற்கெனவே விளிம்பு வரை நிற்கிறது, அதற்கு மேல் ஏற முடியாது, வழிந்து போய்விடும். அறைப் பக்கத்து நீர் மட்டும் 40 மி.மீ. இறங்கும். ஒரு நொடியில் இழுப்பு அடங்கிவிடும். இரு பக்கமும் மீண்டும் சமமாகும்போது, இழந்தது 40 இல்லை, அதில் பாதி. 50 மி.மீ. கதவில் 30 மிச்சம். சரி, மறுபடி அதே 40 மி.மீ. இழுப்பு வந்தால்? இந்த முறை குழாய்ப் பக்கம் ஏறுவதற்கு 20 மி.மீ. இடம் இருக்கிறது. அது 20 ஏறும், அறைப் பக்கம் 20 இறங்கும், வித்தியாசம் 40. ஒரு சொட்டுகூட வழியாது! அடிபட்ட கதவு அதே அடியை அடுத்த முறை இழப்பில்லாமல் தாங்குகிறது. ஆனால் இழுப்பு 50ஐத் தாண்டினால் கதை வேறு. அறைக் காற்று வளைவின் அடிவழியே புகுந்து, "களக்... களக்..." என்று தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். மாடியில் ஃபிளஷ் இழுக்கும்போது கீழ்த்தள நானி டிராப் களக்கென்றால், நீங்கள் கேட்பது இதைத்தான்.

பரிகாரம் எளிது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் விக்கி விக்கித்தான் விழும் என்று தெரிந்துதானே எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடுகிறோம்? மொட்டை மாடிக்கு மேலே வாய் திறந்து நிற்கும் வென்ட் பைப் அந்த இரண்டாவது ஓட்டை. சாக்கடை வாயு வெளியேறவும் அது உதவும்தான். ஆனால் அதன் முதல் வேலை காற்றை உள்ளே விடுவது. கொசுவுக்கு வலை கட்டுங்கள், தவறில்லை. தூசி அடைத்த வலையை வருடக்கணக்கில் மாற்றாமல் விடுவதும், பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளித்தார் என்று மூடி போட்டு அடைப்பதும்தான் வம்பு.

தரைத்தளத்துக்கு ஏன் தனிக் குழாய்? வேகமாக இறங்கிய நீர்வளையம் அடியில் கிடைக் குழாய்க்குத் திரும்பும்போது சட்டென்று வேகம் இழந்து குவிகிறது. அணையின் மதகுக்குக் கீழே நீர் துள்ளி எழுமே, அதே நிகழ்வுதான். குவிந்த நீர் குழாயை ஒரு கணம் அடைக்கும், பின்னால் வரும் காற்று சிக்கி அழுந்தும். மேலே இழுப்பு என்றால் இங்கே தள்ளு. குழாய் திரும்பும் அந்த முழங்கை அருகே தரைத்தளக் கழிவறை சேர்ந்திருந்தால் நீர்க்கதவு உள்பக்கமாகக் குமிழியிட்டுத் தெறிக்கும். அதனால்தான் அதை நேராக சேம்பருக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள்.

நீர்க்கதவுக்கு ஓசையில்லாத எதிரிகளும் உண்டு. விளிம்பில் தொங்கும் ஒரு கற்றைத் தலைமுடி, விளக்குத் திரி எண்ணெயை ஏற்றும் அதே நுண்புழைத் தத்துவத்தில், ராத்திரியெல்லாம் சொட்டுச் சொட்டாக நீரை வெளியே கடத்திவிடும். மற்றது ஆவியாதல். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் நாற்றம் அடிப்பது பெரும்பாலும் இதனால்தான். உடனே பினாயிலைத் தேட வேண்டாம், ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். நீண்ட நாள் வெளியூர் போவதானால் ஊற்றிய தண்ணீர்மேல் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும்.

நாற்றத்தோடு போனால் பரவாயில்லை. 2003இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் பரவியது, 42 பேர் இறந்தார்கள். விசாரித்தபோது சந்தேகம் போய் நின்ற இடம் குளியலறைத் தரை வடிகால். அங்கே தரையைக் கழுவிவிடாமல் துடைத்தே சுத்தம் செய்ததால் வளைவில் நீர் வற்றியிருந்தது. குளியலறை மின்விசிறி காற்றை வெளியே தள்ள, அந்த இழுப்பில் கழிவுக் குழாய்க்குள் இருந்த வைரஸ் கலந்த துளிகள் காய்ந்த வடிகால் வழியாக உள்ளே வந்தன. நம் ஊரில் வாளியில் மொண்டு குளித்துத் தரையெல்லாம் நனைத்த பழக்கம் இந்த விஷயத்தில் நமக்குப் பாதுகாப்பாக இருந்தது. இப்போது புது ஃபிளாட்டுகளில் கண்ணாடித் தடுப்பு வைத்து 'டிரை ஏரியா' என்று பிரிக்கிறார்கள். அந்தப் பக்கத்து வடிகாலுக்கு மாதக்கணக்கில் தண்ணீர் போவதில்லை. அழகுக்குக் குறை சொல்லவில்லை, வாரம் ஒரு மக் ஊற்றுங்கள் என்கிறேன்.

எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்வாஃபீல்டும் அவருடைய குழுவினரும் இதற்கு அருமையான ஒரு சோதனை செய்தார்கள். வென்ட் பைப்பிலிருந்து மெல்லிய அழுத்த அலை ஒன்றைக் குழாய்க்குள் அனுப்புவது. நீர் நிற்கும் வளைவிலிருந்து எதிரொலி ஒரு மாதிரி திரும்பும், காய்ந்த வளைவிலிருந்து வேறு மாதிரி. எந்த வீட்டையும் தட்டாமல், எந்த மாடி வடிகால் காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். இதற்கெல்லாம் யாரோ நிதி கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? ஒரு கட்டடத்தில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பார்கள் என்பதை நிகழ்தகவுக் கணக்காக மாற்றிய ராய் ஹன்டர் 1940இல் வேலை பார்த்ததும் அமெரிக்க அரசின் ஆய்வகத்தில்தான். அவருடைய அலகுகள் இன்றும் பிளம்பிங் விதிகளில் இருக்கின்றன. நம் வாளி, நம் மேல்தொட்டி அழுத்தம், நம் கோடை ஆவியாதல் இவற்றுக்கு நம் பொறியியல் கல்லூரிகளில் அளந்து பார்க்க வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. ஒரு நான்கு மாடிக் குழாயும் சில அழுத்தமானிகளும் போதும், பெரிய செலவில்லை. தலைப்பில் 'சாக்கடை' இருப்பதால் மாணவர்களும் தொடுவதில்லை, கொடுப்பவர்களும் கொடுப்பதில்லை என்பது என் எண்ணம்.

அதே சங்கடம் இல்லாமல் பணம் செலவாகும் இடம் வாஸ்து. தெரு மேன்ஹோல் வீட்டுக்குத் தெற்கே இருக்கும். கழிவுநீர் தெற்கே போகக்கூடாது என்று ஒருவர் சொல்லியிருப்பார். குழாய் வீட்டைச் சுற்றிப் பிரதட்சிணம் செய்துவிட்டு, நான்கு முழங்கை திரும்பி, அதே தெற்கு மேன்ஹோலுக்கே வந்து சேரும். 40 அடிக்கு ஓரடி என்றால் கூடுதலாகச் சுற்றும் ஒவ்வொரு 40 அடிக்கும் ஓரடி ஆழம் தேவை. மேன்ஹோல் அதற்காக இறங்கிக் கொடுக்காது. சரிவைத்தான் குறைப்பார்கள், பிறகு அடைப்பு எடுக்க ஆள் தேடுவார்கள். நீருக்குத் தெரிந்த ஒரே திசை கீழ்.

கடைசியாக செப்டிக் டேங்க். அது இருந்துவிட்டுப் போகட்டும், வழிகிற தண்ணீரை மட்டும் சாக்கடையில் விடலாமே என்று தோன்றும். டேங்கில் நாள்கணக்கில் தேங்கும் கழிவில் ஆக்சிஜன் தீர்ந்ததும் சில பாக்டீரியாக்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு ஆக்குகின்றன. அந்த நீர் தெருக் குழாயில் விழும்போது வாயு பிரிந்து, ஈரமான கான்கிரீட் கூரையில் ஏறும். அங்கே வேறு பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்கும், சிமென்ட் ஜிப்சமாக உதிரும். இதே வாயு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம். 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) தாண்டினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும், அதற்கு மேலே போனால் ஆளைச் சாய்க்கும். குழிக்குள் இறங்கிய தொழிலாளிக்குப் பின்னால் காப்பாற்ற இறங்கியவரும் இறந்தார் என்று செய்தி வருவது இதனால்தான். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உத்தரவிட்டது. ஆகவே டேங்கை லாரி வைத்துக் காலி செய்து, மணல் நிரப்பி மூடிவிடுங்கள். குழாய் அதைத் தொடாமல் போகட்டும்.

பள்ளத்தை மூடும் முன் பிளம்பரிடம் இரண்டு சோதனை கேளுங்கள். குழாயின் ஒரு முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பது ஒன்று. குழாயின் உள்விட்டத்தைவிட 13 மி.மீ. குறைவான வழவழப்பான பந்து ஒன்றை மேல் முனையில் விட்டு, கீழ் சேம்பரில் தானாக வந்து விழுகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. பந்து நடுவில் நின்றுவிட்டால் அங்கே சிமென்ட் துருத்திக்கொண்டிருக்கிறது அல்லது சரிவு படுத்திருக்கிறது. அந்த இடத்தை மட்டும் பிரித்துப் போட்டால் போதும்.