சோயா பால் எவ்வளவு நேரம் கொதித்தது?

மூன்று வயது மகனுக்குப் பசும்பால் ஒவ்வாமை இருப்பதாக மருத்துவர் சொல்லிவிட்டதால், சோயா மொச்சையை ஊறவைத்து வீட்டிலேயே பால் எடுத்துக் கொடுத்து வருவதாகவும், சோயாவில் பெண் ஹார்மோன் இருப்பதால் ஆண் குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்று உறவினர்கள் தடுப்பதாகவும், இதில் எது சரி என்றும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். இத்தகைய கேள்விகளில் ஹார்மோன் அச்சம் தவறாமல் இடம்பெறும். அந்தப் பால் அடுப்பில் எவ்வளவு நேரம் கொதித்தது என்ற செய்தி மட்டும் இருக்காது. ஆனால் குழந்தையின் வயிற்றுக்கும் வளர்ச்சிக்கும் உடனடியாகப் பொருட்படுத்த வேண்டியது அந்த இரண்டாவது செய்திதான் என்பது என் கருத்து.

முதலில் வயதைப் பிரித்துக்கொள்வோம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாகச் சோயா பாலைக் கொடுக்கக் கூடாது. இதில் விவாதத்துக்கு இடமில்லை. கைக்குழந்தைகளுக்கென்று விற்கப்படும் சோயா பால்மாவு வேறு பொருள். 1909இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவர் ஜான் ரூரா சோயா மாவைக் குழந்தை உணவாகப் பயன்படுத்திப் பார்த்த காலத்திலிருந்து படிப்படியாகத் திருத்தப்பட்டு, இன்று பிரித்தெடுத்த சோயா புரதத்துடன் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம், இரும்பு, கால்சியம், வைட்டமின்கள் ஆகியவற்றைக் கணக்காகச் சேர்த்துத் தயாரிக்கப்படுவது அது. அந்தக் கணக்கு ஓரிடத்தில் பிசகினாலும் என்ன ஆகும் என்பதை இஸ்ரேல் 2003இல் கண்டது. வைட்டமின் பி1 இல்லாமல் வெளிவந்துவிட்ட சோயா பால்மாவைக் குடித்த கைக்குழந்தைகளில் சிலர் இறந்தனர், வேறு சிலருக்கு நிலையான நரம்புப் பாதிப்பு ஏற்பட்டது. வீட்டில் எடுக்கும் சோயா பாலில் இந்தச் சேர்க்கைகள் எவையும் இல்லை. ஆகவே இனிப் பேசப்போவதெல்லாம் ஒரு வயதைக் கடந்து, சோறும் பருப்பும் தின்னத் தொடங்கிவிட்ட குழந்தைகளைப் பற்றித்தான்.

அவர்களுக்குச் சோயா பால் தரும் முதன்மையான நன்மை புரதம். 240 மில்லிலிட்டர் கொண்ட ஒரு கோப்பைப் பசும்பாலில் ஏறக்குறைய 8 கிராம் புரதம் இருக்கிறது என்றால், கடையில் விற்கும் சோயா பாலில் 7 கிராம் அளவுக்கு இருக்கும். பாதாம் பாலில் 1 கிராம்தான். வீட்டில் எடுக்கும் பாலில் இது நீர் சேர்ப்பவரின் கையைப் பொறுத்தது. உடலால் உருவாக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்கள் அனைத்தும் சோயாவில் உண்டு. கந்தகம் கொண்ட மெத்தியோனின் மட்டும் சற்றுக் குறைவு. அரிசியும் பிற தானியங்களும் அதை ஈடுசெய்வதால், இட்லியும் சோறும் உண்ணும் குழந்தைக்கு அது பெரிய குறையில்லை.

ஆனால் இவ்வளவு புரதம் இருந்தும், பச்சைச் சோயாவைத் தின்ற எலிகள் வளரவில்லை. அமெரிக்க உயிர்வேதியியலாளர்களான தாமஸ் ஆஸ்போர்ன், லஃபாயெட் மெண்டல் ஆகிய இருவரும் 1917இல் வெளியிட்ட முடிவு இது. அதே சோயாவை வேகவைத்துக் கொடுத்தபோது எலிகள் நன்றாக வளர்ந்தன. வேகவைப்பதால் புரதத்தின் அளவு கூடிவிடாது. அப்படியானால் பச்சை விதையில் இருக்கும் ஏதோ ஒன்று அந்தப் புரதத்தை எலிக்குக் கிடைக்கவிடாமல் தடுத்திருக்க வேண்டும். அந்த ஏதோ ஒன்றை மோசஸ் கூனிட்ஸ் என்ற விஞ்ஞானி 1940களின் நடுவில் தூய படிகமாகவே பிரித்தெடுத்துக் காட்டினார். அதுவும் ஒரு புரதம்தான் என்பதும், மற்றப் புரதங்களைச் செரிக்கும் நொதியைச் செயலிழக்கச் செய்வதே அதன் பணி என்பதும் தெளிவாயின.

அது செயல்படும் விதம் உயிர்வேதியியலின் மிக அழகான தந்திரங்களில் ஒன்று என்பதால், இங்கே சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். கணையம் சிறுகுடலுக்கு அனுப்பும் நொதிகளில் தலைமை இடம் டிரிப்சினுக்கு உரியது. புரதச் சங்கிலியை அது தானும் வெட்டும், கணையத்திலிருந்து உறக்க நிலையில் வந்து சேரும் மற்றப் புரதச் செரிமான நொதிகளையும் தட்டி எழுப்பும். டிரிப்சினின் பரப்பில் ஒரு சிறு குழி இருக்கிறது, அதன் அடியில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. நேர்மின்னூட்டம் கொண்ட ஆர்ஜினைன் அல்லது லைசின் என்ற அமினோ அமிலம் அந்தக் குழிக்குள் வந்து பொருந்தியதும், அதற்கு அடுத்த பிணைப்பை டிரிப்சின் வெட்டிவிட்டு, துண்டுகளை உதறிவிட்டு, அடுத்த சங்கிலிக்குப் போகும். கூனிட்ஸ் கண்ட தடுப்பான் 181 அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில் 63ஆவது இடத்தில் இருக்கும் ஓர் ஆர்ஜினைன், விறைப்பான ஒரு வளைவின் நுனியில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. டிரிப்சின் அதைத் தன் வழக்கமான இரை என்று எண்ணிப் பற்றுகிறது. ஆனால் அந்த வளைவு இருபுறமும் இறுக்கிக் கட்டப்பட்டிருப்பதால் பிணைப்பு மிக மிக மெதுவாகத்தான் வெட்டுப்படும். வெட்டுப்பட்டாலும் இரண்டு முனைகளும் விலகிப் போகாமல் நின்ற இடத்திலேயே நின்று மறுபடி ஒட்டிக்கொள்ளும். பூட்டுக்குள் நுழைந்து முறிந்துபோன சாவியைப் போல, தடுப்பானும் டிரிப்சினும் ஒன்றையொன்று விடாமல் குடலின் வழியே கீழிறங்கிப் போய்விடுகின்றன.

இதற்குமேல் எலியின் உடலே தனக்கு எதிராக இன்னொரு கேட்டைச் செய்துகொள்கிறது. குடலில் கட்டுப்படாத டிரிப்சின் குறைந்துவிட்டதை உணர்ந்ததும், கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, மேலும் நொதிகளை அனுப்பும்படி கணையத்தைத் தூண்டுகிறது. கணையம் அனுப்புகிறது, அவையும் சிறைப்படுகின்றன, தூண்டுதல் தொடர்கிறது, நாளடைவில் எலியின் கணையமே வீங்கிப் பெருக்கிறது. இந்த நொதிகளோ கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் நிறைந்தவை. சோயாவில் ஏற்கெனவே குறைவாக இருப்பதும் அவைதான். ஆக, பற்றாக்குறையான சரக்கையே அள்ளி அள்ளிக் கழிவோடு வெளியேற்றுகிறது அந்த உடல். மனிதரின் கணையம் எலியினுடையதைப் போல வீங்கிவிடுவதில்லை என்றாலும், செரிமானம் தடைபடுவதும், பச்சைச் சோயாவின் மற்றப் பொருள்களோடு சேர்ந்து குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை வருவதும் நமக்கும் உண்டு.

விதையைத் தின்ன வரும் பூச்சிகளின் வயிற்றை அடைக்கத்தான் செடி இதைச் செய்து வைத்திருக்கிறது. நம் கணையமும் இதே உத்தியைக் கையாள்கிறது என்பது கூடுதல் வியப்பு. டிரிப்சின் குடலை அடையும் முன்பே விழித்துக்கொண்டு கணையத்தையே செரித்துவிடாதபடி காக்க, நம் உடலும் சிறியதொரு தடுப்பானைச் சுரக்கிறது; அதற்கான மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றம், தென்னிந்தியாவில் காணப்படும் ஒருவகை நாட்பட்ட கணைய அழற்சியோடு தொடர்புடையது.

இனி அடுப்புக்கு வருவோம். தடுப்பான் ஒரு புரதம் என்பதால் வெப்பம் அதன் வடிவத்தைக் குலைக்கும். அந்த விறைப்பான வளைவு குலைந்துவிட்டால் தந்திரம் பலிக்காது, தடுப்பானே உணவாகிவிடும். ஆனால் சோயாவில் இருப்பது ஒரு தடுப்பான் மட்டுமில்லை. கூனிட்ஸ் தடுப்பானில், புரதச் சங்கிலியின் மடிப்புகளை இறுக்கிப் பிடிக்கும் கந்தகப் பாலங்கள் இரண்டே உள்ளதால் அது எளிதில் குலைகிறது. போமன்–பிர்க் என்று அழைக்கப்படும் மற்றொன்று 71 அமினோ அமிலங்களே கொண்ட குட்டிப் புரதமாயினும், ஏழு கந்தகப் பாலங்களால் பின்னிக் கட்டப்பட்டிருப்பதால் சூட்டை வெகுநேரம் தாங்கும். பாலைக் காய்ச்சுவதுபோலப் பொங்கியவுடன் இறக்கிவிடுவது சோயாவுக்குப் போதாமல் போவது இதனால்தான்.

அந்தப் பொங்கலே ஓர் ஏமாற்று. சோயாவில் உள்ள சப்போனின் என்ற பொருள் சீயக்காயைப் போல நுரைக்கும் இயல்பு கொண்டது. ஆகவே கொதிநிலையை எட்டுவதற்கு வெகு முன்பே, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே, பாத்திரம் நிறைய நுரை எழுந்து வழிய வரும். கொதித்துவிட்டது என்று எண்ணி அடுப்பை அணைத்தால், தடுப்பான்களின் பெரும்பகுதி அப்படியே இருக்கும். சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தைச் சேர்ந்த ஹைசெங் நகரில் 2003ஆம் ஆண்டு மார்ச் மாதம் பள்ளியில் வழங்கிய சோயா பாலைக் குடித்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் நோயுற்றார்கள். சோயாவின் இயற்கையான தடுப்பான் பொருள்கள் முழுமையாகச் செயலிழக்காததே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. சோயா பாலைத் தலைமுறை தலைமுறையாகக் குடித்துவரும் நாட்டிலேயே இப்படி நேர்ந்தது.

எனவே வீட்டில் செய்பவர்கள், எழுந்த நுரையைக் கிளறி அடக்கி, தீயைக் குறைத்து, பால் உண்மையாகவே கொதிக்கத் தொடங்கிய பிறகு கால் மணி நேரமாவது விடாமல் கிளறிக் கொதிக்கவிட வேண்டும். தடுப்பான் முற்றிலும் அழிய வேண்டியதில்லை. ஐந்தில் நான்கு பங்குக்குமேல் அழிந்தாலே சோயா புரதத்தின் பயன் ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்துவிடுகிறது. குக்கரில் வெப்பநிலை 120 டிகிரியை நெருங்குவதால் நேரம் வெகுவாகக் குறையும். ஆனால் அரைத்த பாலைக் குக்கரில் ஊற்றினால் நுரை எழுந்து ஆவிக்குழாயை அடைக்கும் அபாயம் உண்டு. ஊறிய மொச்சையை முழுதாகக் குக்கரில் வேகவைத்து, பிறகு அரைத்து வடிகட்டுவது நல்லது. பாலின் அளவு சற்றுக் குறையும், பச்சை வாடையும் கூடவே குறையும்.

கோழிகளுக்கு இந்த அக்கறை ஏற்கெனவே கிடைக்கிறது. நாமக்கல் போன்ற ஊர்களில் கோழித்தீவனத்துக்குப் பயன்படும் சோயாப் பிண்ணாக்கு சரியாக வெந்திருக்கிறதா என்று பார்க்க, அதிலுள்ள யூரியேஸ் என்ற நொதி எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று சோதிப்பது தீவனத் துறையின் வழக்கம். தடுப்பானும் யூரியேஸும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் அழிவதால் ஒன்றை அளந்தால் மற்றொன்றை ஊகிக்கலாம். கோழிக்குச் செய்யும் இச்சோதனையைக் குழந்தைக்குக் காய்ச்சும் பாலுக்குச் செய்ய வீட்டில் வழியில்லை. இந்தூரிலுள்ள மத்திய அரசின் சோயா ஆராய்ச்சி நிறுவனம் கூனிட்ஸ் தடுப்பானே இல்லாத என்.ஆர்.சி. 127 என்ற இரகத்தையும், தடுப்பானோடு பச்சை வாடைக்குக் காரணமான நொதிகளில் ஒன்றையும் நீக்கிய என்.ஆர்.சி. 142 என்ற இரகத்தையும் உருவாக்கியிருக்கிறது. கொரியாவிலிருந்து சேகரிக்கப்பட்ட, தடுப்பானை இயல்பாகவே இழந்திருந்த விதைகளை 1970களில் அமெரிக்க ஆய்வாளர்கள் அடையாளம் கண்டதிலிருந்து வளர்ந்த துறை இது. ஆனால் மளிகைக் கடையில் சோயா வாங்குபவருக்குத் தன் கையில் இருப்பது எந்த இரகம் என்று அறிய வழியில்லை. பயிரை உருவாக்குவதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியையாவது, அதைத் தனியாகக் கொள்முதல் செய்து பெயரிட்டு அடுக்களை வரை கொண்டுசேர்க்கவும் ஒதுக்காவிட்டால், அந்த ஆராய்ச்சியின் பலன் எண்ணெய் ஆலையின் பொதுக் குவியலில் கலந்துபோகும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி உறவினர்களின் அச்சம். அது வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது, அதற்கு ஒரு வேர் இருக்கிறது. 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர்ப் புல்லை மேய்ந்த ஆடுகள் சினைபிடிக்காமல் போயின. சோயாவில் பெண் ஹார்மோன் என்று அஞ்சப்படும் ஐசோஃபிளேவோன்கள் என்ற பொருள்களுக்கு உறவான ஒரு பொருள் அந்தப் புல்லில் இருந்தது. ஆட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அதைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல இயங்கும் பொருளாக மாற்றியிருந்தன. சோயாவின் ஐசோஃபிளேவோன்களும், ஈஸ்ட்ரோஜன் வந்து பொருந்துவதற்கென்று நம் செல்களில் உள்ள ஏற்பிகளில் அமரக்கூடியவைதாம். ஆனால் அவற்றின் ஆற்றல் மிகக் குறைவு. தவிர, அவை விரும்பி அமர்வது 1996இல் சுவீடனில் கண்டறியப்பட்ட பீட்டா வகை ஏற்பியில். மார்பக வளர்ச்சியில் பெரும்பங்கு வகிப்பதோ ஆல்பா வகை.

இதைச் சோதிக்க இயற்கையாகவே ஒரு கடுமையான தேர்வு அமைந்திருந்தது. கைக்குழந்தைப் பருவத்தில் சோயா பால்மாவை மட்டுமே உண்டவர்கள், உடல் எடைக்கு ஈடாகப் பார்த்தால், நாளுக்கு ஒரு கோப்பை குடிக்கும் மூன்று வயதுக் குழந்தையைவிடப் பல மடங்கு ஐசோஃபிளேவோனைப் பெற்றவர்கள். அமெரிக்காவின் அயோவாவில் அப்படி வளர்ந்தவர்களையும் பசும்பால் மாவில் வளர்ந்தவர்களையுமாக 811 பேரை, அவர்கள் 20 வயதைக் கடந்தபின் ஆராய்ந்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். உயரம், எடை, பருவமடைதல் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெண்களில் மாதவிடாய் சற்று நீள்வதும் வலி சற்று மிகுவதும் மட்டும் காணப்பட்டன. ஆகவே, நாளுக்கு ஒரு கோப்பைச் சோயா பாலால் மகனின் ஆண்மைக்குக் கேடு என்பதற்கு ஆதாரம் இல்லை. விலக்கு ஒன்று உண்டு: தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை எடுக்கும் குழந்தைகளுக்குச் சோயா அந்த மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைப்பதால், இரண்டுக்கும் இடையே எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

சோயா பாலின் மெய்யான குறை சுண்ணாம்புச்சத்து. 100 மில்லிலிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் கால்சியம் இருக்க, எதுவும் சேர்க்காத சோயா பாலில் அதில் நான்கில் ஒரு பங்குகூடத் தேறாது. வைட்டமின் பி12 அறவே இல்லை. கடைகளில் விற்கும் செறிவூட்டிய பாலில் இவற்றைச் சேர்க்கிறார்கள், ஆனால் சேர்த்த கால்சியம் அடியில் படிந்துவிடும். டப்பாவை நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் குழந்தைக்குத் தெளிவுதான் கிடைக்கும். சர்க்கரையும் நறுமணமும் சேர்த்த வகைகளை நான் தின்பண்டக் கணக்கில்தான் வைப்பேன். கனடாவின் டொராண்டோவில் 2017இல் வெளியான ஆய்வொன்று, பசும்பாலுக்குப் பதிலாக நாளும் மூன்று கோப்பை வேறு பால் குடித்த மூன்று வயதுக் குழந்தைகள் சராசரியாக 1.5 சென்டிமீட்டர் உயரம் குறைவாக இருந்ததைக் கண்டது. அந்த வேறு பால்களில் புரதம் மிகக் குறைந்த தாவரப் பால்களும் அடங்கும் என்பதால், பழியை முழுதும் சோயாவின்மேல் போட முடியாது.

கேள்வி கேட்ட வாசகியின் மகனுக்கு, நன்றாகக் கொதித்த வீட்டுச் சோயா பால் புரதத்தைக் கொடுக்கும். கால்சியத்தை 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் வைத்திருக்கும் கேழ்வரகிலிருந்தும் முருங்கைக்கீரையிலிருந்தும், பி12ஐ முட்டை, மீனிலிருந்தும் பெறலாம். சைவக் குடும்பமானால் பி12க்குச் செறிவூட்டிய பாலோ மருந்தோதான் வழி. சோயாவிலுள்ள பைடேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்துவைப்பதால் இரும்புச்சத்து மருந்தை இந்தப் பாலோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குச் சோயாவும் ஒவ்வாது. உடலில் தடிப்பு, வாந்தி, மலத்தில் இரத்தம் எதுவாயினும் உடனே நிறுத்திவிட வேண்டும். பசும்பால் ஒவ்வாமையும் பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர நீங்கிவிடும் இயல்புடையது என்பதால், எப்போது மறுபடி சோதித்துப் பார்க்கலாம் என்பதையும் அடுத்தமுறை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சோதனை அவர் கண்முன்னே நடக்கட்டும், வீட்டில் வேண்டாம்.